துணைக்கால்

மணலிக்கும் மணாலிக்கும்
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று
முதலில் சொன்னவள் பியூலா.
சுங்கச்சாவடி டீக்கடையில்,
சீட்டுப்பணம் கட்டி முடித்த அன்று.

அந்தக் கால் எங்களுக்குக் கிடைக்கவேயில்லை.
நான்கு டிக்கெட்டும்
காத்திருப்போர் பட்டியலில்
எண்பதிலிருந்து நாற்பத்தாறுக்கு இறங்கி
அங்கேயே உட்கார்ந்துகொண்டன.
தேசப்பனுக்குத் துறைமுகத்தில் லீவு இல்லை.
கஜலட்சுமியிடம் மட்டும்
பனியில் வழுக்காது என்று
பர்மா பஜார்க்காரர் சத்தியம் செய்து கொடுத்த
பூட்ஸ் இருந்தது.
பூட்ஸை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்றாள்.

ஞாயிறு விடியற்காலை நாலரை மணி,
எண்ணூர் விரைவுச்சாலை.
டிரெய்லர்கள் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தன.
பியூலாவின் போனில்
உயரம் காட்டும் ஆப்
கழித்தல் இரண்டு என்றது.
கடலுக்கடியில் நின்றபடி
மலையேறக் கிளம்பினோம்.

எங்கள் மலைமுதுகு தூண்டில் வளைவு.
கடலுக்குள் நீண்டு கொக்கிபோல் திரும்பும் கருங்கல் குவியல்.
இரண்டு பக்கமும் சரிவு.
இடப்பக்கம் அடங்கிய தண்ணீர்,
வலப்பக்கம் அடங்காதது.
நடுவில் கால் வைக்க ஓரடி,
சில இடத்தில் அதுவும் இல்லை.

கல்லில் கை வைத்தேன்.
வெடி வைக்கத் துளைத்த குழியில்
பாதி இன்னும் அதன் விலாவில் இருந்தது.
உள்ளே என் விரல் சரியாகப் பொருந்தியது.
எடைமேடையில் ஒன்பது வருஷமாக வேலை எனக்கு.
இந்தக் கற்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் வந்தன.
ஒரு மலையை
லாரி லாரியாக,
சீட்டுச் சீட்டாகக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.
அதன்மேல் ஏறியது அன்றுதான்.

பாதி தூரத்தில் தேசப்பன் நின்றுவிட்டான்.

தினம் நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
கன்டெய்னர் தூக்குகிறவன்.
கீழே கப்பல் தீப்பெட்டி மாதிரி தெரியும் என்பான்.
இங்கே, ஆளுயரம்கூட இல்லாத பள்ளத்தைப் பார்த்து,
பாசி படிந்த கல்லில் நாலு காலில் குந்தி
"மச்சான், என்னால முடில" என்றான்.

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது.
அலை ஒன்று கல்லிடுக்கில் ஏறி
அவன் கைக்குக் கீழே வெடித்தது.
அப்புறம் அவளும் சிரிக்கவில்லை.
மணலித் தீக்கொழுந்தில்
அவன் பிடரி வியர்வை
சிவப்பாக மின்னியது.

கஜலட்சுமி பூட்ஸைக் கழற்றினாள்.
லேஸை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு
பக்கத்துக் குழிக்குள் இறங்கினாள்,
முழங்கால் வரை தண்ணீர்.
அவன் கணுக்காலைப் பிடித்தாள்.
"இங்க வை."
வைத்தான்.
"கண்ண மூடாத. அடுத்தது இங்க."
ஒவ்வொரு கல்லாக, அவன் பாதத்தை
தராசில் படிக்கல் வைப்பதுபோல் வைத்தாள்.
நான் பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தேன்.
உண்மையில் அந்தக் கயிறு எதிலும் கட்டியிருக்கவில்லை.
அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உச்சியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.
லுங்கி, ரப்பர் செருப்பு, தூண்டில்,
பக்கத்தில் ஒரு பக்கெட்டில் இரண்டு கெளுத்தி.
எங்கள் முதுகுப்பைகளை, ஹெல்மெட்டை,
ஈரப் பாவாடையைப் பிழியும் கஜலட்சுமியைப் பார்த்து
"இன்னாபா, கார்ப்பரேஷனா?" என்றார்.
இல்லை, மலையேற்றம் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்து
"ஓரமா ஒக்காருங்க, மீன் ஓடிரும்" என்றார்.

ஓரமாக உட்கார்ந்தோம்.
ராத்திரி வாங்கிய அத்தோ ஊறிப்போயிருந்தது,
நான்கு பேரும் ஒரே பொட்டலத்தில் தின்றோம்.
ஆறு மீட்டர் என்றது போன்.
தேசப்பன் அதை வாங்கிப் பார்த்தான்.
திருப்பித் தரவே இல்லை,
சூரியன் வந்து திரையில் எதுவும் தெரியாமல் போகும் வரை.

திங்கட்கிழமை காலை
கல்லேற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது.
இருபத்தெட்டு டன்.
டிரைவருக்குச் சீட்டைக் கொடுக்க எழுந்தபோது
இரண்டு தொடையும் வலித்தன.